முழுக்கூலி புகழ்ச்சிக்கு, அரைக்கூலி உண்மைக்கு

புதிதாகக் கடை திறந்த எவருக்கும் தெரிந்த கவலை ஒன்றுண்டு. சாமான் நல்லது, விலையும் நியாயம். ஆனால் அதைச் சொல்ல நாலு வாடிக்கையாளர் இல்லை. ஆளில்லாத கடைக்குள் கால் வைக்கப் பலரும் தயங்குவார்கள். பதிப்பகத்தின் துணையின்றிச் சொந்தக் காசில் நூல் வெளியிடும் எழுத்தாளரின் நிலைமையும் இதுதான்.

அமெரிக்காவின் அமேசன் நிறுவனம் 2007 இல் மின்னூல் வெளியிடும் வசதியைத் தொடங்கியது. ஏராளமானோர் தாமே எழுதித் தாமே விற்கத் தொடங்கினர். பெரிய பத்திரிகைகள் இந்நூல்களைத் திரும்பிப் பார்ப்பது அரிது. வாசகர்கள் இடும் நட்சத்திரங்களும் நாலு வரி அபிப்பிராயமுமே இவர்களுக்கு விளம்பரம்.

ஒக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்த ஒருவர் இந்தத் தேவையை வியாபாரமாக்கினார். 2010 இல் விமர்சனம் விற்கும் இணையத்தளம் ஒன்றை ஆரம்பித்தார். ஒரு விமர்சனம் 99 டொலர், 20 என்றால் 499, 50 என்றால் 999. மொத்தமாக வாங்கினால் கழிவு! இப்படி 4,500 க்கும் மேற்பட்ட விமர்சனங்கள் எழுதப்பட்டதை 2012 ஓகஸ்டில் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை வெளிக்கொணர்ந்தது.

அங்கிருந்த ஓர் ஏற்பாட்டைக் கவனியுங்கள். ஐந்து நட்சத்திரம் கொடுக்க மனம் ஒப்பாதவர் அதைச் சொல்லிவிடலாம். அவருக்குப் பாதிக் கூலி. அப்படிச் சொன்னவர்கள் மிகக் குறைவு. உண்மைக்கு அரைக்கூலி, புகழ்ச்சிக்கு முழுக்கூலி என்றால் யார்தான் உண்மை எழுதுவார்?

பத்து இலட்சம் மின்னூல்களை விற்றுப் பெயர் பெற்ற ஜோன் லொக் என்ற எழுத்தாளரும் இங்கே 300 விமர்சனங்களை வாங்கியிருந்தார். பிடிக்காவிட்டால் அப்படியே எழுதலாம் என்று அவர் கூறியிருந்தார் என்பது உண்மை. ஆனால் தமது வெற்றியின் இரகசியத்தைச் சொல்லி அவர் விற்ற நூலில் இந்தக் கொள்வனவு பற்றிய பேச்சே இல்லை.

அப்படியானால் காசு கொடுத்து விமர்சனம் பெறுவது எல்லாமே பிழையா? இல்லை. மாணிக்கக் கல்லைப் பரிசோதிப்பவருக்குக் கட்டணம் செலுத்துகிறோம். அது அவரது உழைப்புக்கு. 'நல்ல கல்' என்று எழுதினால்தான் முழுப்பணம் என்றால் அந்தச் சான்றிதழுக்கு என்ன மதிப்பு? 1933 இல் தொடங்கிய கேர்கஸ் சஞ்சிகையும் சுயமாக நூல் வெளியிடுவோரிடம் கட்டணம் பெற்றே விமர்சனம் எழுதுகிறது. ஆனால் புகழுக்கு உத்தரவாதம் தருவதில்லை. அங்கும் ஒரு குறையுண்டு. பாதகமான விமர்சனத்தை வெளியிடாமல் தடுத்துக்கொள்ள எழுத்தாளருக்கு உரிமை இருப்பதால், வாசகர் கண்ணில் படுவது பெரும்பாலும் நல்லது மட்டுமே.

2024 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த அமெரிக்க பெடரல் வர்த்தக ஆணைக்குழுவின் விதியும் இந்த எல்லையைத்தான் வகுக்கிறது. பொய் விமர்சனம் விற்பதும் வாங்குவதும் விதிமீறல். இன்னவாறுதான் எழுத வேண்டும் என்று நிபந்தனையிட்டுக் காசு கொடுப்பதும் விதிமீறல்.

இதில் முதலில் நட்டப்படுபவர் வாசகர் மட்டுமல்ல. பத்து உண்மையான விமர்சனங்களுடன் காத்திருக்கும் நேர்மையான எழுத்தாளர், வாங்கிய முந்நூறுக்கு அடியில் காணாமற்போகிறார். பிறகு எல்லா நட்சத்திரங்களையும் மக்கள் சந்தேகிக்கத் தொடங்கும்போது, வாங்கியவருக்கும் அவற்றால் பயனில்லை.

நம் கடைகளும் இப்போது இணையத்துக்கு வருகின்றன. 'நாலு பேரைப் பிடித்து நல்லதாக எழுதச் சொல்லுங்கள்' என்ற ஆலோசனை நம்மிடமும் வரும். இலவச மாதிரி கொடுங்கள், தவறில்லை, கொடுத்ததை மறைக்காதீர்கள். கருத்தை மட்டும் விலைக்கு வாங்காதீர்கள். ஒரு வாடிக்கையாளர் தானாக வந்து சொல்லும் குறை, வாங்கிய நூறு பாராட்டை விட உங்கள் வியாபாரத்துக்கு உதவும்.