38-ம் நம்பர் மாகாணம்: புவெங் கான் பிறந்த கதை

இன்னைக்கு எபிசோடை ஒரு டேட்டாபேஸ் டேபிள்ல இருந்து ஆரம்பிக்கலாம். போரடிக்காது, நம்புங்க.

தாய்லாந்து அரசாங்கம் ஒவ்வொரு மாகாணத்துக்கும் இரண்டு இலக்க எண் கொடுத்திருக்கு. அதுக்குள்ள இருக்கிற வட்டங்களுக்கு நாலு இலக்கம். முதல் இரண்டும் மாகாணத்தோடது, அடுத்த இரண்டும் வட்டத்தோடது. வடகிழக்குல, லாவோஸ் எல்லையில நோங் காய்னு ஒரு மாகாணம் இருக்கு, எண் 43. அதோட வட்டங்களை வரிசையா எடுத்தா 4301, 4302 வருது. அடுத்தது 4305. அப்புறம் 4307, 4308. அங்கிருந்து ஒரே தாவா 4314-க்குப் போய் 4317-ல முடியுது. நடுவுல எட்டு எண்களைக் காணோம்.

கோடு எழுதுறவங்களுக்குப் பார்த்ததுமே சந்தேகம் வரும், யாரோ எட்டு ரோவை எடுத்து வேற எங்கேயோ வச்சிருக்காங்கன்னு. ஆமா, வச்சிருக்காங்க. அந்த எட்டு வட்டங்களும் இப்போ 38-க்குக் கீழ இருக்கு. 2011 மார்ச் 23 அன்னைக்கு நடைமுறைக்கு வந்த புவெங் கான் மாகாணம். தாய்லாந்தோட 76-வது மாகாணம், இதுவரைக்கும் கடைசியும் அதுதான்.

முதல்ல பேரைப் பார்த்துடலாம், ஏன்னா அதுல நமக்கு ஒரு சின்ன சந்தோஷம் இருக்கு. 'புவெங்'னா பெரிய குளம், சதுப்பு ஏரி. 'கான்'னு வாசிக்கிறாங்களே, அதைத் தாய் எழுத்துல 'காள'ன்னுதான் எழுதுவாங்க. பாலியில இருந்து போன சொல், அர்த்தம் கருப்பு. நம்ம காளமேகத்துல இருக்கிற அதே காளம். ஆக, இது கருங்குளம்.

பேருக்கு ஏத்த மாதிரி தண்ணி நிறைஞ்ச ஊர். புவெங் கோங் லோங் ஏரியும், குட் திங் சதுப்பு நிலமும் ராம்சார் பட்டியல்ல இருக்கு. வடகிழக்குத் தாய்லாந்தை 'இசான்'னு சொல்வாங்க. இசான்னாலே வறண்ட மண், ஒட்டரிசின்னு ஒரு பிம்பம் உண்டு. இந்த மூலை அப்படி இல்லை. மழை நல்லா கிடைக்கும், ரப்பர் தோட்டங்கள் நிறைய. அப்புறம் பூ தோக். ஒரு மணற்கல் குன்றைச் சுத்தி ஏழு அடுக்கா மரப்படிகளும் மரப்பாதைகளும். ஒரு வனத் துறவியோட முயற்சியில, துறவிகளும் ஊர்க்காரங்களும் சேர்ந்து கட்டினது. உயரம்னா பயப்படுறவங்க போட்டோவோட நிறுத்திக்கலாம்.

சரி, ஏன் பிரிச்சாங்க?

பழைய நோங் காய் மேப்பைப் பார்த்தா பாதி பதில் கிடைச்சுடும். மீகாங் ஆத்தோட கரையை ஒட்டி 300 கிலோமீட்டருக்கு மேல நீளும், ஆனா அகலம் கம்மி. ஒரு ரிப்பன் மாதிரி. மாகாணத் தலைநகரம் மேற்குப் பக்கம். அங்கிருந்து புவெங் கான் ஊருக்கு 212-ம் நெடுஞ்சாலையில ஏறக்குறைய 135 கிலோமீட்டர். புங் கிளா மாதிரி வட்டங்கள் அதுக்கும் கிழக்கே. மாகாண ஆபீஸ்ல ஒரு கையெழுத்து வாங்கணும்னா ஒரு நாள் வேலை போச்சு. தாய் மொழியில வட்டத்துக்கு 'அம்போ'ன்னு பேரு. கிழக்கு அம்போக்களை உண்மையிலேயே அம்போன்னு விட்டிருந்தாங்க.

இந்த ரிப்பனுக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. 1820-கள்ல வியஞ்சான் அரசர் அனுவோங் சயாமை எதிர்த்துக் கிளம்பி தோத்தார். சயாம் படை வியஞ்சானை அழிச்சுது. அதுக்கப்புறம் அந்தப் பகுதியை ஆள, எதிர்க்கரையில உருவான நகரம்தான் நோங் காய். அப்போ மீகாங் எல்லை இல்லை, ரெண்டு கரைக்கும் நடுவுல ஓடுற பாதை. 1893-ல பிரான்ஸ் போர்க்கப்பல்களை பாங்காக் வரைக்கும் கொண்டுவந்து, ஆத்தோட இடது கரையை எழுதி வாங்கிக்கிச்சு. வலது கரையிலும் 25 கிலோமீட்டருக்கு சயாம் ராணுவம் நிக்கக் கூடாதுன்னு நிபந்தனை. அதனால மண்டலத் தலைமையகத்தை நோங் காய்ல இருந்து தெற்கே நகர்த்தினாங்க. அந்த இடம்தான் இன்னைக்கு உடோன் தானி நகரம். நடுவுல ஓடின ஆறு வேலியா மாறிடுச்சு. என் பார்வையில, அந்த ரிப்பன் வடிவமே பாதி வெட்டப்பட்ட ஒரு ஊரோட மிச்சம்தான்.

தனி மாகாணம் வேணும்ங்கிற கோரிக்கை 1994-லயே வந்துச்சு. அதுக்கு முந்தின வருஷம்தான் சா கேவ், நோங் புவா லம்பூ, அம்னாத் சரோன்னு மூணு புது மாகாணங்கள் உருவாகியிருந்துச்சு. ஆனா உள்துறை அமைச்சகம் செலவையும் ஆள் பற்றாக்குறையையும் காட்டி ஒதுக்கி வச்சுது. 2010 ஆகஸ்ட்ல அமைச்சரவை ஒப்புதல், அடுத்த வருஷம் சட்டம். 37-க்கும் 39-க்கும் நடுவுல காலியா கிடந்த 38-ஐக் கொடுத்தாங்க. பின்கோடும் மாறுச்சு. சேகாங்கிற வட்டம் 43150-ல இருந்து 38150 ஆச்சு.

இப்போ முக்கியமான விஷயம். புது மாகாணம் வந்ததால யாருக்கு அதிகாரம் வந்துச்சு?

தாய்லாந்துல மாகாண ஆளுநரை மக்கள் தேர்ந்தெடுக்கிறதில்லை. உள்துறை அமைச்சகம் வழியா நியமனம். வட்ட அதிகாரியும் அப்படித்தான். 1890-கள்ல இளவரசர் தம்ரோங் உள்துறை அமைச்சரா இருந்து, உள்ளூர் பிரபுக்களை ஓரங்கட்டி பாங்காக்ல இருந்து அதிகாரிகளை அனுப்பின ஏற்பாட்டோட தொடர்ச்சி இது. கீழ கிராமத் தலைவரை மட்டும் ஊர் மக்கள் தேர்ந்தெடுப்பாங்க. ஜெயிச்சவர் 60 வயசு வரைக்கும் இருக்கலாம், ஆனா அவரும் அமைச்சகத்தோட சங்கிலியில ஒரு கண்ணி. தன்னோட ஆளுநருக்கு ஓட்டு போடுறது பாங்காக் மட்டும்தான், அது 76 கணக்குல சேராது.

இதுக்குப் பக்கத்துலயே இன்னொரு அமைப்பு ஓடுது. மாகாண நிர்வாக மன்றம். அதோட தலைவரை மக்கள் நேரடியா தேர்ந்தெடுக்கிறாங்க. ஒரே மாகாணத்துக்கு ரெண்டு தலைமை, ஆனா கண்காணிக்கிற உரிமை ஆளுநர் கையில. 2014 ராணுவப் புரட்சிக்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தலே இல்லாம போய், இந்த மன்றங்களுக்கு மறுபடி ஓட்டு நடந்தது 2020 டிசம்பர்லதான். அதுவரைக்கும் ஆளுநர்கள் வழக்கம்போல மாறிக்கிட்டே இருந்தாங்க.

அதனால 2011-ல புவெங் கான் மக்களுக்குக் கிடைச்சது கிட்டத்துல ஒரு அரசாங்க ஆபீஸ். அதுவே பெரிய விஷயம், குறைச்சு சொல்லலை. 135 கிலோமீட்டர் பஸ்ல போனவங்களுக்குத்தான் அதோட மதிப்பு தெரியும். ஆனா அந்த ஆபீஸ்ல யார் உட்காரணும்ங்கிறது இன்னும் பாங்காக்லதான் முடிவாகுது.

ஆத்துப் பக்கமும் கதை நகருது. தாய்லாந்தையும் லாவோஸையும் இணைச்சு மீகாங் மேல முதல் நட்புறவுப் பாலம் 1994-ல நோங் காய்லதான் திறந்தாங்க. ஐந்தாவது பாலத்துக்குத் தேர்ந்தெடுத்த இடம் புவெங் கான். அக்கரையில லாவோஸோட பாக்சான் நகரம். 1893-ல வேலியான ஆத்தை, படகுக்குக் காத்து நிக்காம லாரியில கடக்கலாம்.