பீரோ சாவி இருக்கும் இடம் தெரியும்... பிட்காயின் சாவி?

வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகரக் குப்பைக் கிடங்கில், பல ஆண்டுக் குப்பைக்கு அடியில், ஒரு பழைய ஹார்டு டிஸ்க் புதைந்து கிடக்கிறது. சுமார் 8,000 பிட்காயின்களின் சாவி அதற்குள் இருக்கிறது. 2013-ல் வீட்டைச் சுத்தம் செய்தபோது தவறுதலாகக் குப்பைக்குப் போய்விட்டது. கிடங்கைத் தோண்ட அனுமதி கேட்டு உரியவர் நடையாய் நடந்தார். 2025 ஜனவரியில் நீதிமன்றமும் கைவிரித்தது.

கிரிப்டோ வாங்க நினைப்பவர்கள் கேட்பதெல்லாம் ‘எது ஏறும்?’ என்பதுதான். ஏறிய பிறகு அதை எடுக்க வீட்டில் வேறு யாருக்கு வழி தெரியும்?

பிட்காயின் போனிலோ பென் டிரைவிலோ இருப்பதில்லை. உலகெங்கும் நகல்களாகப் பரவிய ஒரு கணக்குப் புத்தகத்தில் அது ஒரு வரவு. அதை நகர்த்தும் ரகசிய எண்தான் சாவி; அதை வைத்திருக்கும் செயலிக்கு வாலட் என்று பெயர். சாவியை மீட்க, பெரும்பாலும் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள் தரப்படும். வரிசை மாறினால் பணம் வராது. கெஞ்சிக் கேட்க மேனேஜரும் கிடையாது.

‘வாங்கிய எக்ஸ்சேஞ்சிலேயே இருக்கட்டும்’ என்பவர்களும் உண்டு. சின்னத் தொகைக்குச் சரி. ஆனால் 2018 டிசம்பரில் கனடா எக்ஸ்சேஞ்ச் ஒன்றின் நிறுவனர் இந்தியாவுக்கு வந்த இடத்தில் இறந்தபோது, சாவிகள் அவரோடு போய்விட்டதாகச் சொல்லப்பட்டது. சுமார் 76,000 வாடிக்கையாளர்கள் தவித்தார்கள். பணத்தில் பெரும்பகுதி முன்பே கரைந்திருந்தது விசாரணையில்தான் தெரிந்தது.

இந்தியாவிலும் 2024 ஜூலையில் ஒரு எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் திருட்டுப் போனது. அதையொட்டி எழுந்த வழக்கில், கிரிப்டோ ஒரு சொத்துதான் என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. சொத்து என்றால் வாரிசும் உண்டு. வாரிசுச் சான்றிதழைக் காட்டினால் வங்கிக் கணக்கு கைக்கு வரும். சொந்த வாலட்டுக்கு அந்தக் காகிதம் புரியாது! கிரிப்டோ லாபத்துக்கான 30 சதவீத வரியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுபவர்கள் இதைப் பேசுவதில்லை.

சாவியை மீட்கும் அந்த 12 அல்லது 24 சொற்களைத் தாளில் எழுதி இரண்டு இடங்களில் வைக்கலாம். ஸ்கிரீன்ஷாட் கூடாது, வாட்ஸ்அப் கூடவே கூடாது. உயிலில் சொற்களை எழுதாமல், தாள் இருக்கும் இடத்தை மட்டும் குறிக்கலாம். பெரிய தொகை போடும் முன் சின்னத் தொகைக்கு வாங்கி, சொந்த வாலட்டுக்கு மாற்றி, அந்த வாலட்டை அழித்துவிட்டு, தாளைப் பார்த்து மனைவியோ மகளோ மீட்கிறார்களா என்று சோதிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.