வெள்ளம் வடிந்த பின் வண்டிச் சாவி

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையைக் கடந்து, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, அடுத்து சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணை ஆறு பாகூர் கொம்யூன் கிராமங்களுக்குள் புகுந்தபோது, நெற்பயிரோடு வாசலில் நின்ற வண்டிகளும் மூழ்கின. பெட்ரோல் வண்டியானால் பிளக்கைக் கழற்றித் துடைத்து நாலு உதை உதைத்துப் பார்ப்பது நம் வழக்கம். மின்சார ஸ்கூட்டரிலும் ஹைபிரிட் காரிலும் அவ்வழக்கம் பிராணாபாயம் விளைவிக்கக் கூடியது.

காரணம் இதுதான்: பேட்டரி தருவது நேர்மின்சாரம், மோட்டாருக்கு வேண்டியது பெரும்பாலும் மாறுமின்சாரம், நடுவே நின்று நொடிக்குப் பல்லாயிரம் தடவை மின்சாரத்தை வெட்டி விட்டு உருமாற்றுவது, ஸ்கூட்டரில் கன்ட்ரோலர் என்றும் காரில் இன்வெர்ட்டர் என்றும் வழங்கும் பெட்டி. சாவியை அணைத்த பின்னும் அதன் கெபாசிட்டர்களில் மின்னேற்றம் சற்று நேரம் தங்கும். பல ஹைபிரிட் கார்களில் அதன் அழுத்தம் சில நூறு வோல்ட். ஆரஞ்சு நிற உறையிட்ட கம்பிகளை அறியாதார் தொடவே கூடாது. சக்கரம் தரையில் உருண்டாலும் மோட்டார் மின்சாரம் பிறப்பிக்கும் என்பதால், நனைந்த காரைக் கட்டி இழுக்காமல் லாரியில் ஏற்றியே கொண்டுபோக வேண்டும். ஸ்கூட்டரின் பேட்டரிக்குள் சேற்றுநீர் புகுந்திருந்தால், பல நாள் கழித்தும் தீப்பற்றலாம். ஆகவே சார்ஜ் போடாமல், வீட்டையும் வைக்கோற்போரையும் விட்டுத் தள்ளித் திறந்த வெளியில் நிறுத்துங்கள். கனெக்டர் முனைகளில் பச்சை பூத்திருந்தாலோ, பேட்டரி உப்பியிருந்தாலோ, அதைத் தொடாமல் சர்வீஸ் நிலையத்தாரை அழையுங்கள்.

நஷ்டஈடு கேட்க, முதலில் வண்டியில் தண்ணீர்க்கோடு தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். முழுக் காப்பீடு இருப்போர் உடனே நிறுவனத்துக்கு எழுத வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்தவர்க்கு வெள்ள நஷ்டஈடு கிடையாது. இதைவிடத் துயரம், 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் 250 வாட்டுக்கும் உட்பட்ட, பதிவே தேவைப்படாத சிறு ஸ்கூட்டர்களை வாங்கிய ஏழைக் குடும்பங்களுடையது. காப்பீடே பெரும்பாலும் இல்லாத அவர்களுக்கு நுகர்வோர் சட்டமே கதி.

"தண்ணீர் போயிருக்கிறது, வாரண்டி இல்லை" என்று சர்வீஸ் நிலையத்தாரோ விற்றவரோ வாய்ச்சொல்லாக மறுத்தால், அதை எழுத்தில் கேளுங்கள். பேட்டரி அல்லது கன்ட்ரோலர் பெட்டியின் நீர்புகா அடைப்பே குறையுடையது என்றால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உற்பத்தியாளரையும், தக்க சந்தர்ப்பத்தில் விற்றவரையும் பொறுப்பாளியாக்குகிறது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். தீராவிடில் புதுச்சேரியிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டாண்டுக்குள் வழக்கிடலாம். விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை; வக்கீலும் கட்டாயமில்லை. காப்பீட்டு நிறுவனம் மறுத்தால், ஓராண்டுக்குள் சென்னைக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு இலவசமாக மனுச் செய்யலாம்.