வீட்டிலேயே அச்சடிக்கலாம் என்றால், தோட்டத்துப் பழைய சாமானுக்கு என்ன மதிப்பு?

பால் கோப்பை, மரம் சீவும் உளி, தூக்குச்சட்டி, மண்ணெண்ணெய் விளக்கு. பேராக் ரப்பர் தோட்டங்களில் தினமும் புழங்கிய சாமான்கள் இவை. இன்று ஈப்போ பக்கம் பழம்பொருளாக விலை போகின்றன. இதே வடிவங்களை, வீட்டு மேசையில் வைக்கும் 3டி பிரிண்டரும் செய்து தருகிறது. அப்படியென்றால் அசலின் விலை இறங்குமா?

பிரிண்டர் என்ன செய்கிறது?

பிளாஸ்டிக் இழையை உருக்கி, சுமார் 0.2 மில்லிமீட்டர் படலங்களாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறது. இந்த முறைக்கான முக்கியக் காப்புரிமை 2009-இல் காலாவதியானது. அதன் பிறகுதான் சாதாரண வீடுகளுக்கும் கட்டுப்படியாகும் விலையில் இயந்திரங்கள் வந்தன.

எதன் விலை அடிபடும்?

வடிவத்துக்காக மட்டும் வாங்கும் பொருள்களின் விலைதான். பிளாஸ்டிக் பொம்மை, பழைய ரேடியோவின் குமிழ் போன்றவை இதில் அடங்கும்.

ஜப்பானியர் காலத்து (1942–1945) வாழைமர நோட்டு நமக்குத் தெரிந்த கதைதானே. அளவில்லாமல் அச்சடித்தார்கள், பிற்பாடு வரிசை எண்கூடப் போடவில்லை. போர் முடிந்ததும் அது வெறும் காகிதம். இன்றும் எண் இல்லாத பத்து வெள்ளி நோட்டு மலிவுதான். எண் உள்ள தொடக்கக்கால நோட்டைத்தான் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் எடையைப் பாருங்கள். பிரிண்டர் பிளாஸ்டிக்கைவிட இரும்பு சுமார் ஆறு மடங்கு கனம். மேற்பரப்பில் மெல்லிய வரிகளும் தெரியலாம். ஆனால், அச்சடித்த வடிவத்தை வைத்து உலோகத்தில் வார்த்துவிட்டால், எடை, வரி இரண்டுமே கைகொடுக்காது.

நகலை நகல் என்று சொல்லி விற்பதில் ஏமாற்று இல்லை. அசல் என்று சொல்லி ஏமாற்றினால், குற்றவியல் சட்டத்தின் 420-வது பிரிவு பாயலாம்.

அச்சில் வராதது எது?

அந்தப் பொருளின் கதை. எந்தத் தோட்டம், யார் கை பட்டது என்பதை எந்த இயந்திரமும் அச்சடிக்காது. பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயங்களும் காலியாகிவிட்டன. விவரம் இல்லாமல் பத்து, இருபது ரிங்கிட்டுக்கு விற்றுவிட்டால், பாட்டி பிடித்த உளியும் நேற்று வார்த்த உளியும் ஒன்றுதான்.

விற்கும் முன் என்ன செய்யலாம்?

• தோட்டத்தின் பெயர், பயன்படுத்தியவர், ஆண்டு ஆகியவற்றை எழுதி வையுங்கள்.

• பழைய படம், சம்பளச் சீட்டு இருந்தால் சேர்த்து வையுங்கள்.

• துருவையும் தேய்மானத்தையும் பளபளப்பாக்க வேண்டாம்.

• வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். இதைத் தள்ளிப்போடாதீங்க, உளி காத்திருக்கும், அவர்களின் ஞாபகம் காத்திருக்காது.