மின்சாரம் போனாலும் எழும் பாலம்

மலாக்கா நீரிணைக் கரையில் ‘சுமத்ரா’ என்ற சூறைக்காற்றை அறியாதவர் இல்லை. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, பொழுது புலருமுன் எதிர்க்கரையிலிருந்து இடிமழையோடு வந்து அறையும். அந்தக் கரையோர ஊரான உம்பாயில் ஒரு கடைவீட்டு அலுவலகத்தில் அந்நேரம் மின்சாரம் போய்த் திரும்பினால், பயாஸில் முன்பே சொல்லிவைத்திருக்கும் பட்சத்தில் லினக்ஸ் கணினி தானாக எழுந்துகொள்ளும். கையால் கட்டிய நெட்வொர்க் பிரிட்ஜ் எழாது. அது வாழ்ந்தது நினைவகத்தில் மட்டுமே.

ஒரே கணினிக்குள் கணக்குக்கு ஒன்றும் கேமரா பதிவுக்கு ஒன்றுமாக இரண்டு மெய்நிகர் கணினிகள் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ரவுட்டரிடம் நேரே ஐபி முகவரி வாங்க வேண்டும். அவற்றையும் கேபிள் செருகிய ஈதர்நெட் அட்டையையும் ஒரே சுவிட்சாகச் சேர்ப்பது பிரிட்ஜ். தோட்டத்துக்குப் புதிதாக வந்த கிராணி மாதிரி, யார் எந்த லயம் என்று தெரியாதவரை தகவலை எல்லாப் பக்கமும் அனுப்பும். எந்த வாயிலிலிருந்து யார் பேசினார் என்று பார்த்து மேக் முகவரியைக் குறித்துக்கொள்ளும். 300 விநாடி பேச்சில்லாத முகவரியை அழித்துவிடும்.

கணினி எழும்போதெல்லாம் பிரிட்ஜைத் தானாகக் கட்டுவது தொடக்க ஸ்கிரிப்ட்டின் வேலை. அதில் வரிசைதான் முக்கியம். முதலில் பிஆர்0 என்று பிரிட்ஜை உருவாக்கி, அட்டையை அதில் சேர்த்து, இரண்டையும் எழுப்ப வேண்டும். ஐபி முகவரி அட்டைக்கு அல்ல, பிரிட்ஜுக்கு. இதை மறந்து மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் ஏராளம். தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக ஒவ்வொரு வரியாகத் தட்டினாலோ, அட்டை பிரிட்ஜுக்குள் போன கணமே தொடர்பு அறுந்து, அடுத்த வரியைத் தட்ட வழியிருக்காது. ஸ்கிரிப்ட் ஒரே மூச்சில் முடித்துவிடும். டெபியனில் தனி ஸ்கிரிப்ட் கூட வேண்டாம். இன்டர்ஃபேசஸ் கோப்பில் நாலு வரி போதும்.

இன்னொரு சங்கடம் காத்திருப்பு. இரண்டு பிரிட்ஜுகள் வட்டமாக இணைந்தால் தகவல் சுற்றிச் சுற்றி நெட்வொர்க்கே முடங்கும். 1985-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் ராடியா பெர்ல்மன் இதற்கு வழி கண்டார்: ஸ்பானிங் ட்ரீ, சுருக்கமாக எஸ்டிபி. அது இயங்கினால் ஒவ்வொரு வாயிலும் 15 விநாடி கவனிக்கும், 15 விநாடி கற்கும். அந்த அரை நிமிடத்துக்குள் முகவரி கேட்கும் நிரல் சலித்துக் கைவிடக்கூடும். வட்டமே இல்லாத சின்ன அலுவலகத்தில் எஸ்டிபியை அணைத்துவிடலாம்.

வைஃபையை மட்டும் இதில் நம்ப வேண்டாம். ரவுட்டரில் பதிந்த ஒரு மேக் முகவரியைத் தவிர, பின்னால் நிற்கும் மெய்நிகர் கணினிகளின் தகவலைப் பெரும்பாலான வைஃபை ரவுட்டர்கள் ஏற்பதில்லை. கேபிள் இழுக்க வேண்டியதுதான்.