சினிமா டிஸ்க் வாங்கினால் காசுக்குப் பலன் உண்டா?

"அம்மா, அந்த யானைப் படம் போடேன்!" என்று குழந்தை நச்சரிக்கிறது. டி.வி.யில் தேடினால், போன மாதம் இருந்த படத்தைக் காணோம்! சந்தா கட்டுகிறோமே என்கிறீர்களா? உரிமைக் காலம் முடிந்தால் படத்தை எடுத்துவிடுவார்கள். டிஸ்க் என்றால் நம் அலமாரியிலேயே இருக்கும்.

அதற்காக வாங்கிக் குவிக்கணுமா? வேண்டவே வேண்டாம். ஒரு தடவை பார்த்து மறக்கிற படத்துக்குச் சந்தாவே போதும். குழந்தை திரும்பத் திரும்பக் கேட்கிற படம், பாட்டி ரசிக்கிற பழைய படம் - இவற்றை மட்டும் வாங்குங்கள்.

டிவிடி பிளேயரில் ப்ளூ-ரே ஓடாது, கவனம்! வெளிநாட்டு டிவிடி என்றால், உறையில் இந்தியாவுக்கான மண்டல எண் 5 இருக்கிறதா என்று பாருங்கள். விளிம்பைப் பிடித்தே எடுங்கள். மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடையுங்கள். வட்டமாகத் தேய்த்துக் கீறல் விழுந்தால், கொடுத்த காசு வீண்தானே!