வீட்டு எல்.இ.டி. பல்பு: சேமிப்பும் பாதுகாப்பும்

சோழபுரம், ராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டார வீடுகளில் மட்டுமன்றி, தமிழகத்தின் பெரும்பாலான வீடுகளிலும் இன்று குண்டு பல்பைக் காண்பது அரிது. அதன் இடத்துக்கு முதலில் சி.எஃப்.எல். வந்தது, பின்னர் எல்.இ.டி. வந்தது. அறிவியல் வகுப்பில் மாணவர்கள் கேட்கும் கேள்விகளும் இதற்கேற்ப மாறியுள்ளன. "அட்டையில் 25,000 மணி நேரம் என்று போட்டிருக்கிறதே, ஆறு மாதத்தில் ஏன் போனது?", "சுவிட்சை அணைத்த பிறகும் ஏன் மங்கலாக எரிகிறது?", "உடைந்தால் விஷமா?" இம்மூன்று கேள்விகளும் பாடத்தோடும் வீட்டுப் பாதுகாப்போடும் நேரடித் தொடர்புடையவை.

சேமிப்பின் கணக்கு

60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. பல்பு தருகிறது. நாள்தோறும் 5 மணி நேரம் எரிந்தால் 60 நாள்களில் குண்டு பல்புக்கு 18 யூனிட் செலவாகும், எல்.இ.டி.க்கு 2.7 யூனிட் போதும். நான்கு குண்டு பல்புகள் எரியும் வீட்டில், இரு மாதங்களுக்கு அரசு இலவசமாக வழங்கும் 100 யூனிட்டில் 72 யூனிட்டை விளக்குகளே எடுத்துக்கொள்ளும். எல்.இ.டி.யில் அது 11 யூனிட்டுக்கும் குறைவு. இக்கணக்கை ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்களே தம் வீட்டு மின் அட்டையை வைத்துப் போட்டுப் பார்க்கலாம்.

இந்த மாற்றத்தில் அரசுத் திட்டங்களுக்கும் பங்குண்டு. 2009இல் தொடங்கிய 'பச்சத் லேம்ப் யோஜனா' சி.எஃப்.எல். பல்பைக் குண்டு பல்பின் விலையில், 15 ரூபாய்க்கு வழங்க முனைந்தது. 2015 ஜனவரியில் தொடங்கிய 'உஜாலா' திட்டத்தின் வழியே நாடெங்கும் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் விற்கப்பட்டன. மொத்தக் கொள்முதலால் விலை பல மடங்கு குறைந்தது.

சொன்ன ஆயுள் ஏன் வருவதில்லை?

25,000 மணி நேரம் என்பது நாளுக்கு 5 மணி நேரம் வீதம் 13 ஆண்டுகளுக்கும் மேல். ஆனால் அந்த எண் பொதுவாக ஒளி உமிழும் டையோடுகளைப் பற்றியது. அவற்றின் வெளிச்சம் தொடக்க அளவில் 70 விழுக்காடாகக் குறையும் காலத்தையே அது குறிக்கிறது. பல்புக்குள் வேறு உறுப்புகளும் உள்ளன. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்தை டையோடுகளுக்கு ஏற்ற நேர்திசை மின்னோட்டமாக மாற்றும் சிறிய சுற்று அடிப்பகுதியில் இருக்கிறது. பெரும்பாலும் முதலில் பழுதாவது இதுதான். குறிப்பாக, அதிலுள்ள மின்தேக்கி வெப்பத்தில் விரைவாக உலர்ந்துவிடும்.

வெப்பம் முதல் எதிரி. எல்.இ.டி. சூடாகாது என்பது தவறான எண்ணம். கண்ணாடிக் கூண்டுக்குள்ளோ, காற்றோட்டமற்ற மூடிய விளக்குக்குள்ளோ பொருத்தினால் வெப்பம் வெளியேற வழியின்றி ஆயுள் குறையும்.

இரண்டாவது எதிரி மின்னழுத்த ஏற்ற இறக்கம். மின்கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்தாலோ தளர்ந்தாலோ, வெவ்வேறு பேஸில் உள்ள வீடுகள் ஏறத்தாழ 400 வோல்ட்டுக்கு இடையே தொடராக இணைந்தது போலாகிவிடும். குறைவாக மின்சாரம் எடுக்கும் வீட்டில் அழுத்தம் மிக உயரும். ஒரு தெருவில் ஒரே நேரத்தில் பல வீடுகளில் பல்புகள் போனால் பல்பைக் குறைசொல்வதற்கு முன் மின்வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

மூன்றாவது காரணம், டையோடுகள் பல்புக்குள் தொடரிணைப்பில் இருப்பது. ஒன்று அறுந்தாலும் முழு வரிசையும் அணைந்துவிடும். திருவிழா சீரியல் செட் விளக்கை எடுத்துக்காட்டி, பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்தில் இதை எளிதாக விளக்கலாம்.

அணைத்த பிறகும் ஒளிர்வது ஏன்?

குண்டு பல்பு ஒளிர அதிக மின்னோட்டம் தேவை; எல்.இ.டி.க்கு மிகச் சிறு கசிவு மின்னோட்டமே போதும். சுவிட்சில் சிறு குறிவிளக்கு இருந்தால் அதன் வழியே இது வரலாம். அருகருகே ஓடும் நீண்ட கம்பிகளாலும் வரலாம். இவை பெரும்பாலும் தீங்கற்றவை.

கவனிக்க வேண்டியது வேறொரு காரணம்: சுவிட்ச் பேஸ் கம்பியில் இல்லாமல் நியூட்ரல் கம்பியில் தவறாக இணைக்கப்பட்டிருப்பது. அப்போது சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். பல்பு மாற்றும்போது விரல் பட்டால் அதிர்ச்சி தாக்கும். அணைத்தபின் ஒளிரும் பல்பைக் கண்டால், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு சோதிக்கச் சொல்லுங்கள். மாணவர்கள் தாமே டெஸ்டரால் சோதிக்கக் கூடாது. எந்த வீட்டிலும் மெயின் சுவிட்சை அணைத்த பிறகே பல்பு மாற்றுவது நல்ல பழக்கம்.

பழுதான எல்.இ.டி. பல்பைத் திறந்து ஒட்டுப்போட்டு எரியவிடும் வழக்கமும் பரவியுள்ளது. அறிவியல் கண்காட்சியிலும் இதைச் செய்துகாட்ட மாணவர்கள் விரும்புவார்கள். மலிவான பல்புகள் பலவற்றில் உள்ளிருக்கும் டையோடு பலகை மின்வழியிலிருந்து பிரிக்கப்பட்டிருக்காது. மூடியைக் கழற்றி எரியவிட்ட பல்பைத் தொடுவது வீட்டு மின்கம்பியைத் தொடுவதற்குச் சமம். கண்காட்சிக்கு மின்கலத்தில் இயங்கும் தனி எல்.இ.டி.களும் தகுந்த மின்தடையும் போதும்.

உடைந்தால் என்ன செய்வது?

எல்.இ.டி.யில் பாதரசம் இல்லை. சி.எஃப்.எல்.லிலும், பல வகுப்பறைகளில் இன்னும் எரியும் டியூப் லைட்டிலும் சில மில்லிகிராம் பாதரசம் ஆவியாகவும் துளியாகவும் உள்ளது. ஒரு பல்பு உடைவதால் பெருந்தீங்கு நேராது. ஆனால் அலட்சியம் கூடாது. பாதரசத்தின் தீங்கு எத்தகையது என்பதற்கு 1956இல் கண்டறியப்பட்ட ஜப்பானின் மினமாட்டா நோய் சான்று. நம் மாநிலத்திலேயே கொடைக்கானலில் பாதரச வெப்பமானி ஆலை மாசுப் புகாரால் 2001இல் மூடப்பட்டது. மினமாட்டா உடன்படிக்கையின் கீழ் 30 வாட் வரையிலான வீட்டு சி.எஃப்.எல். பல்புகளின் உற்பத்திக்கும் ஏற்றுமதி, இறக்குமதிக்கும் 2025ஆம் ஆண்டோடு முடிவு குறிக்கப்பட்டது.

வகுப்பறையில் டியூப் லைட் உடைந்தால்:

1. மாணவர்களை வெளியே அனுப்பி, மின்விசிறியை நிறுத்தி, சன்னல்களைத் திறந்து 10 முதல் 15 நிமிடம் விடுங்கள்.
2. துடைப்பத்தால் கூட்டாதீர்கள், துகளும் பாதரசமும் பரவும்.
3. கையுறை அணிந்து, தடித்த அட்டையால் துண்டுகளை அள்ளுங்கள். நுண்துகளை ஒட்டும் நாடாவால் எடுத்து, தரையை ஈரத்தாளால் துடையுங்கள்.
4. அனைத்தையும் மூடியுள்ள கண்ணாடிக் குடுவையில் இட்டு, வெளியே தனியாக வையுங்கள். கைகளை நன்றாகக் கழுவுங்கள்.

பயன்படுத்தி முடித்த சி.எஃப்.எல்., டியூப் லைட்டுகளை உடைக்காமல் அட்டைப் பெட்டியில் சேர்த்து, மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும். குப்பைமேட்டில் இவற்றை உடைத்து விளையாடும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டிய இடம் வகுப்பறையே.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

வாட் அளவை மட்டும் பார்க்காமல் லூமென் அளவைப் பாருங்கள். வெளிச்சத்தைச் சொல்வது அதுவே. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குறியும், 'ஆர்' எழுத்துடன் தொடங்கும் பதிவெண்ணும் இருக்க வேண்டும். நட்சத்திரக் குறியும் 2018 முதல் எல்.இ.டி. பல்புகளுக்குக் கட்டாயம். பில்லும் உத்தரவாதமும் கேட்டு வாங்குங்கள்.

ஒளித் துடிப்பை வகுப்பிலேயே காட்டலாம். எரியும் பல்பின் முன் பென்சிலை வேகமாக ஆட்டினால், துடிப்பு மிகுந்த பல்பில் பென்சில் விட்டுவிட்டுத் தனித்தனிப் பிம்பங்களாகத் தெரியும். அத்தகைய பல்பின் கீழ் நெடுநேரம் படித்தால் கண் சோர்வும் தலைவலியும் வரக்கூடும். மாணவர்கள் படிக்கும் இடத்துக்கான பல்பைத் தேர்வு செய்யும்போது இச்சிறு சோதனையைப் பெற்றோரும் செய்து பார்க்கலாம்.